துரைமார் படித்த கலெக்டர் கோர்ஸ்

திப்பு சுல்தானை வீழ்த்தி மைசூரைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மடியில் கட்டிக் கொடுத்தவர் கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. அதற்கப்புறம் லண்டனிலிருந்து வரப்போகும் ஒரே ஒரு கவருக்காகத் தவம் கிடந்தார். பெரிய பட்டம் வரும், இங்கிலாந்துப் பிரபுக்கள் வரிசையில் முன் சீட் கிடைக்கும் என்று கணக்கு. 1800ல் கவரும் வந்தது. பிரித்தால், மார்க்வெஸ் பட்டம்தான். ஆனால் அயர்லாந்துப் பிரபுக்கள் லிஸ்டில்! இரட்டை முலாம் பூசிய உருளைக்கிழங்கைக் கையில் திணித்துவிட்டார்கள் என்று புலம்பித் தீர்த்தார் துரை.

மனசு உடைந்த மனிதர்கள் தாடி வளர்ப்பார்கள், காசிக்குப் போவார்கள். இவர் காலேஜ் கட்டக் கிளம்பினார்.

இன்றைக்குப் பொது நிர்வாகம், பாதுகாப்பு, பேரிடர் மேலாண்மை மூன்றையும் ஒரே முதுகலைப் பட்டத்தில் சுருட்டித் தருகிறார்கள். புயல் அடித்தால் யார் யாருக்கு போன் போட வேண்டும் என்பது வரைக்கும் சிலபஸில் உண்டு. ஆட்சி செய்வதற்கென்று உட்கார்ந்து படிக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், மெடல் வாங்க வேண்டும் என்று கம்பெனி உலகத்தில் பெரிய அளவில் கனவு கண்டவர் நம் உருளைக்கிழங்கு துரை. கனவுக்குச் செலவு மட்டும் அடுத்தவர் பாக்கெட்டிலிருந்து.

சும்மா சொல்லக் கூடாது, அவர் சொன்ன காரணம் நியாயமானது. கம்பெனி லண்டனிலிருந்து கப்பல் ஏற்றியதெல்லாம் பதினாறு, பதினேழு வயசுப் பையன்களை. பதவியின் பெயர் ரைட்டர். வேலை, துணி மூட்டை எண்ணுவது, லெட்ஜர் எழுதுவது. 1744ல் ராபர்ட் கிளைவ் சென்னையில் வந்து இறங்கியபோது சம்பளம் 5 பவுன். மாசத்துக்கு இல்லை சார், வருஷத்துக்கு! அதே ரகப் பையன்கள் 1800ல் ஜட்ஜ் ஆகிறார்கள், வரி வசூலிக்கிறார்கள், நவாபுகளோடு ஒப்பந்தம் போடுகிறார்கள். மீசை சரியாக அரும்புவதற்குள் ஒரு ஜில்லாவே கைக்கு வந்துவிடுகிறது.

ஆகவே கல்கத்தாவில் ஃபோர்ட் வில்லியம் காலேஜ். மூணு வருஷப் படிப்பு. சிலபஸைப் பார்த்தால் நமக்கே ஜுரம் வரும். அரபி, பாரசீகம், சமஸ்கிருதம், ஹிந்துஸ்தானி, வங்காளி, மராத்தி, தெலுங்கு, கன்னடம், நம் தமிழ். இந்துச் சட்டம், முகமதியச் சட்டம், இங்கிலாந்துச் சட்டம், சர்வதேசச் சட்டம். பொருளாதாரம், பூகோளம், கணக்கு. போதாது என்று கிரேக்கம், லத்தீன், தாவரவியல், ரசாயனம், வானசாஸ்திரம். இத்தனையும் படித்து முடித்தவன் கலெக்டராக வரவே மாட்டான். ரிஷியாகி இமயமலைக்குப் போய்விடுவான்.

காலேஜை நிறுவும் சட்டம் போட்டது 1800 ஜூலை 10. ஆனால் ஆவணத்தில் தேதி மே 4 என்று எழுதச் சொன்னார் வெல்லெஸ்லி. எதற்கு? ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த நாள் 1799 மே 4. அதன் முதலாம் ஆண்டு நினைவு நாளில் காலேஜ் பிறந்ததாக இருக்கட்டுமே! நேர்மையான நிர்வாகத்தைச் சொல்லித்தரப் பிறந்த காலேஜ், பிறந்த தேதியிலேயே ஒரு சின்ன ஃபோர்ஜரி.

கம்பெனி டைரக்டர்களிடம் அனுமதி கேட்டாரா? அவர் எதற்குத்தான் கேட்டார்! கல்கத்தாவில் அரண்மனை மாதிரி கவர்னர் மாளிகை கட்டினாரே, அதற்கும் கேட்கவில்லை. டைரக்டர்களை அவர் பாலாடைக்கட்டி வியாபாரிகள் என்றுதான் குறிப்பிடுவார். காலேஜ் செலவுக்கு, இந்தியாவில் இருக்கிற அத்தனை சிவில் அதிகாரிகளின் சம்பளத்திலும் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று யோசனை வேறு சொன்னார். ‘சிறு தொகை’ என்றால் என்ன அர்த்தம் என்று பிடித்தம் போக மிச்சச் சம்பளம் வாங்குகிறவனைத்தான் கேட்க வேண்டும்.

1802 ஜனவரியில் பாலாடைக்கட்டி வியாபாரிகள் பதில் போட்டார்கள்: காலேஜை மூடு. அந்தக் காலத்தில் கடிதம் கடல் தாண்டி வர மாதக்கணக்கில் ஆகும். வந்து சேர்ந்ததும் துரை பார்த்தார். உத்தரவை மீறினால் தப்பு. அதனால் மீறவே இல்லை. “தங்கள் ஆணையை அப்படியே நிறைவேற்றுகிறேன், 1803 டிசம்பர் 31 முதல்” என்ற தோரணையில் பதில் எழுதிவிட்டார். இன்றும் எந்த அரசு அலுவலகத்திலும் உத்தரவை மீறுகிறவன் மாட்டிக்கொள்வான். நிறைவேற்றிக்கொண்டே இருக்கிறவனுக்கு ஓய்வூதியம்.

கடைசியில் சமரசம். ரசாயனம், வானசாஸ்திரம் எல்லாம் காலி. மொழி மட்டும் சொல்லிக் கொடுத்துக்கொள் என்று விட்டார்கள். அந்த மொழி வகுப்பில் நடந்ததுதான் வேடிக்கை. வங்காளிக்கு வாத்தியாராக வந்தவர் வில்லியம் கேரி. பூர்வாசிரமத்தில் செருப்பு தைத்தவர், பிற்பாடு பாதிரியார். கம்பெனிக்குப் பாதிரிகள் என்றாலே அலர்ஜி. தன் எல்லைக்குள் மிஷனரிகளை விடாததால், கேரி பக்கத்தில் டென்மார்க்காரர்கள் வசமிருந்த செராம்பூரில் ஒதுங்கியிருந்தார். உள்ளே விட மறுத்த அதே ஆளை, மாசம் 500 ரூபாய் கொடுத்து உள்ளே உட்கார வைத்துப் பாடம் கேட்டார்கள். ஒரு பெரிய விருந்தில் யாரோ ஜெனரல், “அந்தாள் ஷூ தயாரிக்கிறவர்தானே?” என்று நக்கலாகக் கேட்டாராம். “தயாரிக்கிற அளவுக்கு இல்லீங்க, பழசைத் தைக்கிற அளவுக்குத்தான்” என்றாராம் கேரி. ஜெனரலின் பெயர் யாருக்கும் நினைவில்லை.

வருஷா வருஷம் பட்டிமன்றம் உண்டு. கவர்னர் ஜெனரல் கொலு வீற்றிருப்பார். வெயிலில் சிவந்த ஆங்கிலப் பையன்கள் எழுந்து நின்று, பாரசீகத்திலும் ஹிந்துஸ்தானியிலும் வங்காளியிலும் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசுவார்கள். பின்னால், மொழி சொல்லிக்கொடுத்த முன்ஷிகள் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். கைதட்டல், மெடல், விருந்து. சாயந்திரம் பையன்கள் கல்கத்தா வட்டிக்கடைக்காரர்களிடம் போவார்கள். கல்லூரி மாணவர்களின் கடன் லண்டன் வரைக்கும் பேசப்பட்ட விஷயம். ஆக, பொருளாதாரத்தில் பிராக்டிகல் வகுப்பு மட்டும் நிற்கவே இல்லை.

இந்தக் கதையைப் பார்த்த டைரக்டர்களுக்கு ஒரு ஞானோதயம். காலேஜ் நல்ல ஐடியாதான், ஆனால் அது நம் வீட்டுப் பக்கத்தில் அல்லவா இருக்க வேண்டும்! 1806ல் ஹெர்ட்ஃபோர்டில் ஆரம்பித்து, 1809ல் ஹெய்லிபரி என்ற இடத்துக்குப் பெரிய கட்டடத்தோடு குடிபோனார்கள். அட்மிஷனுக்கு மார்க் தேவையில்லை, டைரக்டர் ஒருவரின் சிபாரிசு போதும். அந்தச் சிபாரிசு சில சமயம் அத்தை மகனுக்குக் கிடைக்கும். சில சமயம் பல ஆயிரம் பவுனுக்கும் கிடைக்கும். 1809ல் பார்லிமென்ட் கமிட்டி போட்டு விசாரித்து, ஆமாம், சீட்டு விற்கப்படுகிறது என்று கண்டுபிடித்தது. கேபிடேஷன் ஃபீஸ் நம்மூர்க் கண்டுபிடிப்பு என்று இனி யாரும் பெருமை பேச வேண்டாம்.

ஹெய்லிபரியில் பொருளாதார வாத்தியார் யார் தெரியுமா? தாமஸ் மால்தஸ். அவரேதான்! ஜனத்தொகை சோற்றைவிட வேகமாகப் பெருகும், பஞ்சமும் நோயும் வந்து கணக்கை நேர் செய்யும் என்று எழுதி ஐரோப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தவர். குழந்தைகளைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கு உபதேசம் செய்த அவருக்கு பதினொரு பெண் குழந்தைகள் என்று எதிரிகள் வதந்தி கிளப்பினார்கள். உண்மையில் மூன்றே மூன்று. மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர்தான் அபாரம்: “பாப்”. பாப்புலேஷன், அதாவது ஜனத்தொகை என்பதன் சுருக்கம். ஆங்கிலத்தில் அப்பா என்றும் அர்த்தம் வரும். போயும் போயும் மால்தஸுக்கு!

அந்த அப்பாவின் பிள்ளைகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. 1809லும் 1811லும் 1815லும் ஹெய்லிபரியில் கலாட்டா. டிஸ்மிஸ் செய்யலாம் என்றால், ஒவ்வொரு பையனும் ஏதோ ஒரு டைரக்டர் வீட்டுச் செல்லம். இருபது வயசில் எதிரே கோடி ஜனம் கைகட்டி நிற்கப் போகிறது என்று தெரிந்த பையனிடம், இன்றைக்கு ஹாஸ்டலில் பத்து மணிக்கு விளக்கை அணை என்று சொல்லிப் பாருங்கள். காலேஜையே இழுத்து மூடுங்கள் என்று கூக்குரல் எழுந்தபோது, 1817ல் மால்தஸ் ஒரு பிரசுரம் எழுதினார். உலகம் பட்டினியில் சாகும் என்று அடித்துச் சொன்ன மனிதர், என் பையன்கள் நல்லவர்கள் என்று வாதாட வேண்டி வந்தது. இரண்டில் எது கஷ்டம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கிடையில் சென்னையில் சத்தமில்லாமல் ஒரு ஆள் வேறு மாதிரி காலேஜ் நடத்திக்கொண்டிருந்தார். பெயர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ், சென்னைக் கலெக்டர். 1812ல் அவர் முயற்சியில் பிறந்தது சென்னைக் கோட்டைக் கல்லூரி. நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் டிராஃபிக்கில் நிற்கும்போது எந்தக் காலேஜ் என்று யோசித்திருப்பீர்கள். எதிரே தெரிகிற மகளிர் கல்லூரி இல்லை, இதுதான். இங்கே ரசாயனம் கிடையாது, வானசாஸ்திரம் கிடையாது. தாண்டவராய முதலியார் மாதிரிப் புலவர்கள் முன்னால் உட்கார்ந்து தமிழ் படிக்க வேண்டும், தெலுங்கு படிக்க வேண்டும். தேறினால் சம்பளம் ஏறும். தேறாவிட்டால் ஏறாது. பையன்களுக்குத் தமிழ்ப் பற்று எப்படிப் பொங்கியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லிஸ் துரைக்கு மட்டும் நிஜமாகவே பொங்கியது. வீரமாமுனிவர் கையெழுத்துப் பிரதிகளைத் தேடி முத்துசாமிப் பிள்ளையை ஊர் ஊராக அனுப்பினார். திருக்குறளுக்கு உரை எழுத ஆரம்பித்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்தின் குழந்தைகள் அல்ல என்று 1816லேயே எழுதினார். கால்டுவெல்லுக்கு நாற்பது வருஷம் முன்னால். திருவள்ளுவர் உருவம் போட்ட தங்கக் காசுகளும் அவர் காலத்து வேலை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கம்பெனி நாணயத்தில் கம்பெனி முத்திரை இருந்தால்தான் கம்பெனிக்குப் பிடிக்கும். வள்ளுவர் லாப நஷ்டக் கணக்கில் எந்தப் பக்கம் வருவார் என்று தலைமைக் கணக்கருக்குக் குழப்பம் வந்திருக்கும்.

1818ல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். (சென்னையில் எப்போது இல்லை என்கிறீர்களா? சரிதான்.) பேரிடர் மேலாண்மைப் பாடம் யாரும் எல்லிஸுக்கு எடுக்கவில்லை. அவர் செய்தது, 27 கிணறு வெட்டியது. வெட்டியதோடு விட்டாரா? ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோவில் கிணற்றருகே கல்வெட்டு வைத்தார். சோழ ராஜாக்கள் மெய்க்கீர்த்தி தோரணையில், செய்யுளாக, தமிழில்! நாட்டுக்கு நீர்வளம் எவ்வளவு முக்கியம் என்று ஒரு குறளை மேற்கோள் காட்டி, இத்தனை துரவு கண்டு புண்ணியாகவாசனம் செய்வித்தேன் என்று முடித்திருக்கிறார். ஆங்கிலேயக் கலெக்டர், அம்மன் கோவில், திருக்குறள், ஐயரை வைத்துப் புண்ணியாகவாசனம். நிவாரணப் பணி ரிப்போர்ட்டை இவ்வளவு அழகாக எழுதிய கலெக்டர் அதற்குப் பிறகு வரவில்லை. தண்ணீரும் வந்தது என்பது கூடுதல் தகவல்.

இவ்வளவு கெட்டிக்காரருக்கும் ஒரு கிறுக்கு இருந்தது. நாற்பது வயசு ஆகும் வரை பெரிதாக எதையும் அச்சில் வெளியிடுவதில்லை என்று சபதம். முழுமையாகக் கற்றுக்கொண்டுதான் எழுதுவாராம். நாற்பதைத் தாண்டினார். சரி, இனி எழுதலாம் என்ற நேரத்தில், 1819 மார்ச்சில் ராமநாதபுரத்தில் தவறுதலாக எதையோ சாப்பிட்டு விஷமாகி இறந்துபோனார். குறிப்புகள் மூட்டை மூட்டையாக மதுரைக்குப் போயின. கலெக்டர் பங்களா சமையல்காரருக்கு அடுப்பு பற்றவைக்கவும், கோழியை நெருப்பில் வாட்டவும் அந்தக் காகிதங்கள் மாசக்கணக்கில் உதவின என்று பின்னால் வந்த அதிகாரி வால்டர் எலியட் வயிற்றெரிச்சலோடு பதிவு செய்திருக்கிறார். குறள் உரையின் மிச்சப் பகுதி எந்தக் குழம்பில் போனதோ! மேதைகளுக்கு ஒரு விண்ணப்பம்: முப்பத்தொன்பதிலேயே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

ஹெய்லிபரிக்குத் திரும்புவோம். பாப் மால்தஸிடம் படித்துவிட்டு இந்தியாவுக்கு வந்த பையன்களில் ஒருவர் சார்லஸ் ட்ரெவெல்யன். ஒழுக்கம் என்றால் அப்படி ஒரு ஒழுக்கம். டெல்லியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்தி இரண்டு வயசில், லஞ்சம் வாங்குகிறார் என்று தன் மேலதிகாரி மேலேயே புகார் கொடுத்து, அவர் வேலைக்கு உலை வைத்தவர். 1834ல் மெக்காலேயின் தங்கை ஹன்னாவைக் காதலித்தார். காதலியிடம் மனிதர் என்ன பேசினார்? நீராவிக் கப்பல் போக்குவரத்து, சுதேசிகளின் கல்வி, சர்க்கரை மீதான தீர்வை. நான் சொல்லவில்லை, வருங்கால மச்சினர் மெக்காலேயே வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் சிரித்திருக்கிறார். சர்க்கரை என்ற வார்த்தையாவது வந்ததே என்று அந்தப் பெண் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். கல்யாணம் நடந்தது.

லண்டன் திரும்பி கஜானா அதிகாரியாக உட்கார்ந்திருந்தபோது, 1845ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகியது. இந்த முறை முலாம் இல்லாத, ஜனங்கள் நிஜமாகச் சாப்பிடுகிற உருளைக்கிழங்கு. நிவாரணக் கணக்கு முழுக்க ட்ரெவெல்யன் கையில். அயராமல் உழைத்தார், வீட்டுக்குக்கூடப் போகாமல் ஃபைல் பார்த்தார். சந்தை தன் வேலையைச் செய்யும், இலவசமாகக் கொடுத்தால் ஜனம் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. செத்தவர்கள் பத்து லட்சம் அளவில். பஞ்சம் முடியும் முன்பே 1848ல் பஞ்சம் முடிந்துவிட்டதைப் போல ஒரு புத்தகம் எழுதினார், அதே வருஷம் சர் பட்டமும் வாங்கினார். அயர்லாந்தில் இன்றும் கால்பந்து மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடுகிற பாட்டில் இவர் பெயர் வருகிறது. வாழ்த்துப் பாட்டு இல்லை.

1854ல் மறுபடியும் ஒழுக்கம் பொங்கியது. நார்த்கோட் என்பவரோடு சேர்ந்து அறிக்கை கொடுத்தார்: அரசு வேலைக்குச் சிபாரிசில் வருகிறவர்கள் சோம்பேறிகள், திறமையற்றவர்கள், போட்டித் தேர்வு வை! அதே வருஷம் இந்திய சிவில் சர்வீஸுக்கும் போட்டித் தேர்வு வேண்டும் என்று அறிக்கை கொடுத்த கமிட்டியின் தலைவர் யார்? மச்சினர் மெக்காலே. சில வருஷம் கழித்து அந்தத் தேர்வில் வந்த இளைஞர்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் ட்ரெவெல்யனின் மகன். குடும்பச் சலுகையை ஒழிக்க ஒரு குடும்பமே கூடி உழைத்தது.

நாவலாசிரியர் ஆந்தனி ட்ரோலப்புக்கு இந்தப் பரீட்சைப் பைத்தியம் கட்டோடு பிடிக்கவில்லை. தன் நாவலில் சர் கிரகரி ஹார்ட்லைன்ஸ் என்று ஒரு பரீட்சை வெறியரை நடமாட விட்டார். யாரைக் கிண்டல் செய்கிறார் என்று ஊருக்கே தெரியும். பிற்பாடு ட்ரெவெல்யன் வீட்டுக்கே விருந்துக்குப் போனவருக்குக் கிடைத்த தகவல்: ஹன்னா அம்மாள் வீட்டில் புருஷனை சர் கிரகரி என்றுதான் கூப்பிடுகிறாராம். சர்க்கரைத் தீர்வைக்கு இருபத்தி சொச்சம் வருஷம் கழித்துப் பழி தீர்த்தாயிற்று.

1859ல் ட்ரெவெல்யன் சென்னை கவர்னர். மூர்மார்க்கெட் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் இவர் உபயம். அடுத்த வருஷம் கல்கத்தாவில் ஜேம்ஸ் வில்சன் என்ற நிதி அமைச்சர் இந்தியாவுக்கு வருமான வரியைக் கொண்டுவந்தார். ட்ரெவெல்யனுக்குக் கோபம். மறுப்பை ரகசியக் கவரில் அனுப்பாமல், சங்கேத மொழிகூட இல்லாமல் தந்தியில் அடித்து, பேப்பரிலும் வரவைத்தார். பாதுகாப்பு என்ற பாடத்தில் முதல் வகுப்பிலேயே ஃபெயில்! கவர்னர் பதவி பறிபோய்க் கப்பல் ஏறினார். சில வருஷம் கழித்து அவரே நிதிப் பொறுப்பாளராகத் திரும்பி வந்தார். 1865ல் வருமான வரி போயே போய்விட்டது. வரியைக் கொண்டுவந்த வில்சன் அதற்கு முன்பே கல்கத்தாவில் காலமாகிவிட்டார். வரி மட்டும் பிற்பாடு உயிர்த்தெழுந்து உங்கள் சம்பளச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொரு ஹெய்லிபரிப் பிள்ளை ரிச்சர்ட் டெம்பிள். இவர் கதையில் சிரிப்பு குறைவு, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1874ல் பிகாரில் பஞ்சம். பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து, தாராளமாகச் செலவழித்து, ஜனங்களைக் காப்பாற்றினார் டெம்பிள். பாராட்டியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். ஊதாரி என்று திட்டினார்கள். நம்மை உயிரோடு வைத்திருப்பது சர்க்காரின் கடமை என்று இந்தியர்கள் நினைத்துக்கொள்ளப் போகிறார்களே என்று கவலைப்பட்டது எகனாமிஸ்ட் பத்திரிகை. நிறுவியவர், நம் வருமான வரி வில்சன்தான்.

டெம்பிள் பாடம் கற்றுக்கொண்டார். தாது வருஷப் பஞ்சம் சென்னை ராஜதானியைப் பிடித்தபோது, டெல்லியில் 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைச் சக்ரவர்த்தினியாக அறிவித்து லிட்டன் பிரபு தடபுடல் தர்பார் நடத்தினார். கையோடு டெம்பிளை இங்கே அனுப்பினார், செலவைக் குறைக்க. நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆளுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று உத்தரவு போட்டார் டெம்பிள். சென்னை சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், ஜெயில் கைதிக்கே இதைவிட அதிகம் போடுகிறோம் ஐயா என்று ஃபைலில் மல்லுக்கு நின்றார். சில மாதத்தில் கூலி கொஞ்சம் ஏறியது. அதற்குள் கஞ்சித் தொட்டி வாசலிலேயே ஜனம் செத்து விழுந்தது. மொத்தம் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். டெம்பிள் அதே வருஷம் பம்பாய் கவர்னர் ஆனார். 1880ல் பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்து, பஞ்சம் வந்தால் என்ன செய்வது என்ற விதிமுறைக்கு வழி சொன்னது. படித்தவர்கள் இரண்டு பேர் இரண்டு தேசத்தில் பரீட்சித்துப் பார்த்த பிறகு, கைடு வெளிவந்தது.

போட்டித் தேர்வுக்கு வருவோம். 1855ல் முதல் தேர்வு. மெக்காலே கமிட்டி போட்ட மார்க்கைப் பாருங்கள்: கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. தமிழ், தெலுங்கு, வங்காளிக்குப் பெரிய முட்டை. தஞ்சாவூர் ஜில்லாவில் வாய்க்கால் தகராறைத் தீர்க்கப் போகிறவனுக்கு ஹோமர் தெரிந்திருப்பது அவசியம் என்று நினைத்திருக்கிறார்கள். வாய்க்கால் தகராறைப் பார்த்தவர்கள், அதுவும் பத்து வருஷ யுத்தம்தானே என்பார்கள்.

தேர்வு லண்டனில் மட்டும். 1863ல் சத்யேந்திரநாத் டாகூர் தேறியதும் துரைகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1869ல் சுரேந்திரநாத் பானர்ஜி பாஸானார். உடனே வயசு இடித்தது. மெட்ரிகுலேஷனில் பதினாறு என்று போட்டிருக்கிறாரே! நம்மூர் வழக்கப்படி பதினாறு ‘நடப்பு’ சார் அது என்று விளக்க, அவர் லண்டன் கோர்ட்டுக்கே போக வேண்டியிருந்தது. ஜெயித்து, வேலையும் வாங்கினார். சில வருஷத்தில் ஒரு சின்னத் தவறைச் சாக்கிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மனிதர் சும்மா இருக்க முடியாமல் அரசியலுக்குப் போய், சர்க்காரின் தூக்கத்தைப் பல வருஷம் கெடுத்தார். பேசாமல் ஏதாவது ஒரு ஜில்லாவில் உட்கார வைத்திருந்தால் ஃபைலுக்குள் தானே அமுங்கியிருப்பார்.

ஆனாலும் தேர்வின் உச்சக்கட்டக் காமெடி 1890ல் நடந்தது. பள்ளிக்கூடப் பையன் அரவிந்த கோஷ், கிரேக்கத்தில் முதல் மார்க். இரண்டாவது மார்க் பீச்கிராஃப்ட் என்ற ஆங்கிலேயருக்கு. இரண்டு வருஷப் பயிற்சியையும் அரவிந்தர் முடித்தார். பாக்கி ஒன்றே ஒன்று, குதிரை ஏற்றம். கூப்பிட்டார்கள், வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள், வேறு காரணம். குதிரை காத்திருந்தது, எக்ஸாமினர் காத்திருந்தார், அரவிந்தர் லண்டன் தெருக்களில் உலாத்திக்கொண்டிருந்தார். 1892ல் சீட்டைக் கிழித்தார்கள். ஹோமர் தெரியும், குதிரை தெரியாது, ஆகவே ஆளத் தகுதியில்லை!

அந்தச் சமயம் லண்டனில் இருந்த பரோடா மகாராஜா சாயாஜிராவ் ஓடி வந்து, மாசம் 200 ரூபாய்க்கு அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். இருநூறு ரூபாய்க்கு ஒரு ஐ.சி.எஸ். ஆளைப் பிடித்துவிட்டேன் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தாராம். ஆடித் தள்ளுபடியில் பட்டுப்புடவை எடுத்த திருப்தி.

1908ல் அலிப்பூர் வெடிகுண்டு வழக்கு. குற்றவாளிக் கூண்டில் அரவிந்த கோஷ். நீதிபதி ஆசனத்தில் யார்? கிரேக்கத்தில் இரண்டாவது மார்க் வாங்கிய சாட்சாத் பீச்கிராஃப்ட்! குதிரை ஏறத் தெரிந்த பீச்கிராஃப்ட். முதல் மார்க்காரனை உள்ளே தள்ளப் பொன்னான சந்தர்ப்பம். அவரோ சாட்சிகளைப் படித்துப் பார்த்துவிட்டு, 1909ல் அரவிந்தரை விடுதலை செய்துவிட்டார்.

சர்க்காருக்கு நிம்மதி போயிற்று. அடுத்த வருஷம் அரவிந்தர் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பின்னாலேயே ஆங்கிலேய உளவாளிகளும் வந்து இறங்கினார்கள். வீட்டைச் சுற்றி வருஷக்கணக்கில் காவல். யார் வருகிறார், யார் போகிறார் என்று ரிப்போர்ட் மேல் ரிப்போர்ட். மாசா மாசம் அந்த ரகசிய போலீஸ் படைக்கு ஆன சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தால், ஒரு கலெக்டரையும், அவருக்கு ஒரு குதிரையையும், அந்தக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஒரு ஆளையும் தாராளமாகப் போட்டிருக்கலாம்.